கம்பம் பள்ளத்தாக்குக்கு எப்படிப்பட்ட அகச்சிவப்புக் கருவி வேண்டும்?

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு ஆயக்கட்டு 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடிநாயக்கனூர் வட்டத்தில் 488. சதுர கிலோமீட்டராக்கினால் ஏறக்குறைய 60. ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோளில் 2017 அக்டோபரிலிருந்து சுற்றிவரும் ட்ரோபோமி என்ற கருவி மீத்தேனை அளக்கும்போது தரையில் அதன் ஒரு பிக்சல் 5.5 கிலோமீட்டருக்கு 7 கிலோமீட்டர், அதாவது 38.5 சதுர கிலோமீட்டர். லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் நெல்வயல் எல்லாவற்றையும் அறுத்தெடுத்து ஒரே இடத்தில் சேர்த்தாலும் அந்தக் கருவிக்கு ஒன்றரைப் பிக்சல்தான். உண்மையில் அவை அப்படிச் சேர்ந்து கிடப்பதில்லை. ஒரு பிக்சலுக்குள் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் சின்னமனூர்த் தெருக்களும் மலைச்சரிவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

வளிமண்டலம் வெளியிடுவதை விண்ணிலிருந்து அகச்சிவப்பில் அளக்கும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது கோள், ஏவூர்தி, தெளிவுத்திறன் என்று பேச்சு போய்விடுகிறது. இந்தக் கட்டுரையில் திசையை மாற்றிக்கொள்கிறேன். ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே மூன்று விஷயங்களை அளக்க வேண்டுமென்றால் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். நீர் நிற்கும் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. மாசி, பங்குனியில் காய்ந்த புல்மேடுகளில் தீப்பிடிக்கிறது. பயிர் வெயிலில் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது. மூன்றுமே அகச்சிவப்பு விவகாரம். ஆனால் மூன்றுக்கும் ஒரே கருவி போதாது.

ஒளியைப் பிடிப்பது இன்றைக்குப் பெரிய சிரமமில்லை. பிடித்த ஒளியில் வேண்டாதது எவ்வளவு என்று கண்டு கழிப்பதுதான் சிரமம். வடிவமைப்பாளரின் நேரமும் பணமும் பெரும்பாலும் இந்தக் கழித்தலுக்கான ஏற்பாட்டிலேயே செலவாகின்றன. போடிக்குப் பக்கத்தில் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை இங்கே ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும், கடும் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் இன்றுவரை எழும்பாத திட்டம் அது. அதுவும் வளிமண்டலத்தில் பிறக்கும் துகள்களை அளப்பதற்கானதுதான். அங்கே வேண்டாததைக் கழிக்கும் பொறுப்பைச் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் பாறையிடம் ஒப்படைத்திருந்தார்கள். விண்ணில் பாறை கிடையாது. கழிப்பதற்குக் குளிரும் வடிகட்டியும் கணக்கும்தான் உண்டு.

முதலில் குளிர். 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில் இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அந்த ஒளியின் உச்சம் 9.7 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. வயல், பாறை, ஓட்டுக்கூரை, மாடு மட்டுமல்ல. கருவியின் ஆடி, ஆடியைத் தாங்கும் சட்டம், உணரியைப் பிடித்திருக்கும் திருகாணி வரை எல்லாமே ஒளிர்கின்றன. ஆகவே உணரியை ஏறத்தாழ 80 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். இந்தியாவின் இன்சாட்-3டி இதற்கு மின்சாரம் செலவழிப்பதில்லை. இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி வைத்த ஒரு தகடு வெப்பத்தை வெளியே கொட்டிவிடுகிறது. வெயில் அந்தத் தகட்டில் பட்டால் காரியம் கெட்டது. சூரியன் ஆறு மாதம் வடக்கேயும் ஆறு மாதம் தெற்கேயும் இருப்பதால், ஆண்டுக்கு இரண்டு முறை செயற்கைக்கோளையே அரைவட்டம் திருப்பி வைக்கிறார்கள். வெப்பநிலையைத் திருத்தமாகச் சொல்ல, ஏவும்போது இரண்டு டன் இருந்த கோளைத் திருப்பிப் போடும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. இவ்வளவுக்குப் பிறகும் கருவி தன்னை நம்புவதில்லை. அடிக்கடி வெற்று விண்வெளியை ஒருமுறையும் உள்ளேயே வைத்திருக்கும் வெப்பநிலை தெரிந்த கரும்பொருளை ஒருமுறையும் பார்த்துத் தன் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்கிறது.

காற்றும் ஒளிர்கிறது. நீராவி 6.3 மைக்ரானை ஒட்டியும், ஓசோன் 9.6 மைக்ரானிலும், கரியமில வாயு 15 மைக்ரானிலும் அகச்சிவப்பை உறிஞ்சி மீண்டும் உமிழ்கின்றன. நீராவிக்கும் கரியமில வாயுவுக்கும் நடுவே, ஓசோனின் பட்டை நீங்கலாக, 8 முதல் 12 மைக்ரான் வரை ஒரு சாளரம் திறந்திருக்கிறது. தரையின் வெப்பம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் நேராக விண்ணுக்குப் போகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாதில் குளிர்பதனப் பெட்டி நிறுவனமொன்றில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போன வீ. ராமநாதன் 1975-இல் கண்டுபிடித்தது இந்தச் சாளரம் சம்பந்தப்பட்டதுதான். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் இதே சாளரத்தில் உறிஞ்சுகின்றன. அதனால் மிகச் சிறிய அளவில் இருந்தாலே அவை பூமியைச் சூடாக்கும் என்று அவர் காட்டினார். பின்னர் பூமியின் கதிர்வீச்சு வரவுசெலவை அளக்க 1984-இல் தொடங்கிய நாசாவின் செயற்கைக்கோள் திட்டத்தின் தரவைக் கொண்டு, மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்று நிறுவியவர்களிலும் அவர் முக்கியமானவர்.

15 மைக்ரான் பட்டையில் ஒரு தந்திரம் இருக்கிறது. பட்டையின் நடுவில் கரியமில வாயு மிக வலுவாக உறிஞ்சும். அந்த அலைநீளத்தில் மேலிருந்து பார்த்தால் உயரத்துக் காற்றின் ஒளிதான் நம்மை எட்டும். கீழே உள்ளது மறைந்துவிடும். பட்டையின் ஓரத்துக்கு நகர நகர இன்னும் கீழே உள்ள காற்று தெரியும். அலைநீளத்தை மாற்றுவதே உயரத்தை மாற்றுவதாகிறது. 1950-களின் இறுதியில் லூயிஸ் கப்லான் காகிதத்தில் எழுதிக் காட்டிய இந்த யோசனை 1969-இல் நிம்பஸ்-3 செயற்கைக்கோளில் பறந்தது. இந்தியாவின் சொந்தக் கருவியாக அது 2013 ஜூலை 26 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டியில் வந்தது. 18 அகச்சிவப்புச் சேனல், ஒரு கட்புலச் சேனல். இவற்றைக் கொண்டு 40 அடுக்குகளில் வெப்பநிலையையும் 21 அடுக்குகளில் ஈரப்பதத்தையும் கணித்துத் தரும்படி அது அமைந்தது. ஐரோப்பாவின் மெட்டாப் கோள்களில் உள்ள இயாசி 8,461 சேனல்களில் பார்ப்பதோடு ஒப்பிட்டால் 18 குறைவுதான். ஆனால் இயாசி ஒரு நாளில் இருமுறை கடந்து போகும். இன்சாட் ஒரே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். வானிலைக்கு இது நல்ல பேரம். கம்பம் பள்ளத்தாக்குக்கு அல்ல. சவுண்டர் எனப்படும் இந்த இன்சாட் கருவியின் பிக்சல் 10 கிலோமீட்டர். மேகமலை உச்சியும் அதன் அடிவாரமும் ஒரே எண்ணாக வந்து சேரும்.

பிக்சலைச் சுருக்கிவிட்டால் இதே வெப்ப உமிழ்வைக் கொண்டு வயலின் மீத்தேனைப் பார்த்துவிடலாமா? முடியாது. தடையாக நிற்பது இயற்பியல். மீத்தேன் 7.7 மைக்ரானை ஒட்டி உறிஞ்சுகிறது, உமிழ்கிறது. வயலுக்கு மேலே ஆளுயரத்தில் இருக்கும் காற்று வயலின் வெப்பநிலையிலேயே ஏறக்குறைய இருக்கிறது. தரையிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவை அந்த மீத்தேன் உறிஞ்சுகிறதோ கிட்டத்தட்ட அதே அளவைத் தானும் உமிழ்ந்துவிடுகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். வெப்ப அகச்சிவப்பில் மீத்தேன் அளக்கும் கருவிகள் நன்றாகப் பார்ப்பது பல கிலோமீட்டர் உயரத்துக் குளிர்ந்த காற்றில் உள்ள மீத்தேனைத்தான். வயல் எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது.

எனவே சூரிய ஒளியை நம்ப வேண்டியிருக்கிறது. 1.65 மைக்ரானிலும் 2.3 மைக்ரானிலும் மீத்தேனுக்கு உறிஞ்சும் கோடுகள் உண்டு. இந்தக் குறுகிய அகச்சிவப்பில் தரை தானாக ஒளிர்வதில்லை. வெயில் காற்றைக் கடந்து தரையில் பட்டு, திரும்பிக் காற்றைக் கடந்து மேலே வருகிறது. இரண்டு முறையும் மீத்தேன் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. தரையளவு வரை உள்ள முழுக் காற்றுத்தூணும் கணக்கில் வரும். ட்ரோபோமி 2.3 மைக்ரானில் வேலை செய்வது இதனால்தான்.

ஆனால் இங்கே நெல் வயல் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. தண்ணீர் குறுகிய அகச்சிவப்பை விழுங்கிவிடும். நடவு முடிந்து வயலில் நீர் கண்ணாடி போல் நிற்கும் வாரங்களில், விண்ணிலிருந்து பார்க்க அந்த வயல் ஏறக்குறைய கறுப்பு. மீத்தேன் பிறப்பதே அந்த நீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில்தான். எந்தத் தண்ணீர் வாயுவை உண்டாக்குகிறதோ அதே தண்ணீர் அதைப் பார்க்கத் தேவையான வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. பயிர் வளர்ந்து தாள் மூடிய பிறகு நிலைமை கொஞ்சம் தேறும். முதல் போகத்துக்குப் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள். அப்போது தென்மேற்குப் பருவமேகம் கேரள மலைமுகட்டைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். மேகம் இருந்தால் அகச்சிவப்புக் கருவிக்கு அன்று விடுமுறை.

இதையெல்லாம் தாண்டி அளந்தால் எவ்வளவு தெரிய வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடர்ந்து நீர் நிற்கும் வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்பது ஐ.பி.சி.சி. 2019 திருத்தத்தில் தெற்காசியாவுக்குக் கொடுத்துள்ள பொது மதிப்பு. 14,707 ஏக்கர் என்பது 5,952 ஹெக்டேர். நாளைக்கு ஐந்து டன், மணிக்கு 210 கிலோ. காற்று பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் வயலைக் கடந்து வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், காற்றுத்தூணில் உள்ள மீத்தேன் 0.06 சதவீதம் உயரும். உலகச் சராசரியான நூறு கோடியில் 1,900 பங்கு என்ற அளவு, ஏறக்குறைய 1,901 ஆகும். ட்ரோபோமியின் ஒற்றை அளவீட்டில் பத்துப் பங்கு அளவுக்குத் தவறு சாதாரணம். நூறு நல்ல நாள்களின் அளவைச் சராசரி எடுத்தால் தற்செயல் பிழை பத்தில் ஒன்றாகிவிடும் என்பது சரிதான். ஆனால் நாள் தவறாமல் ஒரே பக்கம் சாயும் பிழை சராசரியில் கரையாது.

அப்படிச் சாயும் பிழையை மலை கொடுக்கிறது. பள்ளத்தாக்கின் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் 1,500 மீட்டர். இந்த உயர வித்தியாசத்தில் காற்றுத்தூண் 13 சதவீதம் குட்டையாகிறது. மீத்தேன் செறிவைக் கணிக்க, மீத்தேன் எத்தனை என்பதோடு காற்று எத்தனை என்பதும் தெரிய வேண்டும். காற்றின் அளவைத் தரையுயர வரைபடத்திலிருந்து எடுத்தால், அந்த வரைபடம் சராசரி உயரத்தில் பத்து மீட்டர் தவறினாலே போதும், மீத்தேன் செறிவு இரண்டு பங்குக்கு மேல் தவறிவிடும். ஒரு பள்ளத்தாக்கின் நெல் முழுவதும் உண்டாக்கும் மாற்றத்தைவிட இது பெரிது. ஆகவே காற்றையும் அதே கருவியால், அதே நொடியில், அதே பாதையில் அளந்து வகுத்துவிட வேண்டும். 2009-இல் ஜப்பான் ஏவிய கோசாட்டின் தரவில் கரியமில வாயுவை வகுத்தியாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் செறிவு நாளுக்கு நாள் அவ்வளவாக மாறுவதில்லை. 2024 மார்ச் 4 அன்று ஏவப்பட்ட மீத்தேன்சாட் இதற்காகவே ஆக்சிஜனை 1.27 மைக்ரானை ஒட்டிப் பார்க்கும் இரண்டாவது நிறமாலைமானியையும் சுமந்து போனது. மூன்று பங்கு மாற்றத்தையும் கண்டுபிடிப்பது அதன் இலக்கு. நம் பள்ளத்தாக்கை ஓரளவு பார்த்திருக்கக்கூடிய முதல் கருவி என்று அதைச் சொல்லலாம். 2025 ஜூன் 20 அன்று தொடர்பு அறுந்தது.

கழித்தல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுப் பாடமே இருக்கிறது. 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யானில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த மீத்தேன் உணரி ஒன்று போனது. எடை மூன்று கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதே 1.65 மைக்ரான். ஃபேப்ரி–பெரோ வடிகட்டி என்பது எதிரெதிரே வைத்த இரண்டு அரைகுறை ஆடிகள். இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளங்களை மட்டும், சீப்பின் பற்களைப் போல் சமதூரத்தில், விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கும். மீத்தேனின் உறிஞ்சுகோடுகளின் மேல் சீப்பின் பற்கள் சரியாக விழும்படி ஒரு சேனல். கோடுகள் இல்லாத இடத்தில் ஒப்பீட்டுக்கு இன்னொரு சேனல். இரண்டின் வித்தியாசம் மீத்தேன். மிக எளிமையான, எடை குறைந்த, அழகான யோசனை. செவ்வாய்க்குப் போகும் சிறிய கலத்தில் இதைவிடக் கனமான கருவியை வைக்கவும் முடியாது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. தேடும் மீத்தேனோ நூறு கோடியில் சில பங்கு, இருந்தால். இரண்டு சேனல்களில் விழும் மொத்த ஒளி இரண்டு எண்களாக மட்டுமே வந்து சேருகிறது. வித்தியாசத்தில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தால் அது மீத்தேனால் வந்ததா, கரியமில வாயுவால் வந்ததா என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. நாசாவின் மைக்கேல் மும்மா 2016 இறுதியில் இதைப் பொதுவெளியில் சொன்னார். செவ்வாய்த் தரை 1.65 மைக்ரானில் எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று வரைபடம் போடுவதற்கு இஸ்ரோ அந்தத் தரவைப் பயன்படுத்திக்கொண்டது. அதில் குறையில்லை, அந்த வேலைக்குக் கருவி நன்றாகவே பொருந்தியது. இந்தத் தவறு கேலிக்குரியதல்ல என்பது என் கருத்து. மீத்தேனின் கோடு எங்கே என்று தெரிந்து சீப்பைச் செய்தவர்களுக்கு, மற்றவற்றின் கோடு எங்கே என்பதைக் கழிக்க மூன்றாவது, நான்காவது சேனலுக்கு இடமில்லாமல் போனது.

மங்கள்யான் செவ்வாயை அடைந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 2016 ஜூன் 22 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-34 இருபது செயற்கைக்கோள்களைக் கொண்டு போனது. அவற்றில் ஒன்று கனடாவின் ஜி.ஹெச்.ஜி.சாட் நிறுவனத்தின் முதல் கோள். அதிலும் ஃபேப்ரி–பெரோதான். அதிலும் 1.65 மைக்ரானை ஒட்டிய மீத்தேன்தான். ஆனால் ஒரு மாற்றம். சாய்வாக வரும் ஒளிக்கு வடிகட்டி விடும் அலைநீளம் மாறும். கோள் நகரும்போது தரையின் ஒரே இடம் படத்தில் வெவ்வேறு சாய்வில் வந்து போகிறது. ஒவ்வொரு படத்திலும் அந்த இடம் வெவ்வேறு அலைநீளத்தில் பதிகிறது. எல்லாப் படங்களையும் சேர்த்தால் இரண்டு எண்ணுக்குப் பதில் ஒரு நிறமாலையே கிடைக்கிறது. மீத்தேன், கரியமில வாயு, நீராவி ஒவ்வொன்றும் அதில் தனித்தனிக் கையெழுத்தோடு இருப்பதால் பிரித்தெடுக்கலாம். துர்க்மெனிஸ்தானில் எரிவாயுக் கசிவை அந்தக் கோள் கண்டுபிடித்தது இப்படித்தான்.

இந்த வகைக் கருவி மணிக்கு 100 கிலோ அளவுக் கசிவைக்கூட ஒரே கடப்பில் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. நம் வயல்கள் மணிக்கு 210 கிலோ விடுகின்றன என்றோமே, அதைப் பிடிக்காதா? ஒரே குழாய் வாயிலிருந்து வந்தால் பிடிக்கும். 60 சதுர கிலோமீட்டரில் பரவி, தாள் தாளாகக் கசிந்தால் பிடிக்காது. பெட்ரோலியத் துறையை மனதில் வைத்து வளர்ந்த கருவியை விவசாயத்தின் பக்கம் திருப்பும்போது இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

தீயின் கணக்கு இதற்கு நேரெதிர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீயின் அகச்சிவப்புக் குறி மறைவானதே அல்ல. 1,000 கெல்வின் தீயையும் 300 கெல்வின் தரையையும் 4 மைக்ரானில் பார்த்தால் தீ 4,500 மடங்கு பிரகாசம். 11 மைக்ரானில் 29 மடங்குதான். எனவே தீயைத் தேடும் கருவிகள் எல்லாம் 4 மைக்ரானை ஒட்டிப் பார்க்கின்றன. பகலில் அங்கே சூரியனின் பிரதிபலிப்பும் கலந்துவிடும் என்பதால் 11 மைக்ரானோடு ஒப்பிட்டுக் கழிக்கின்றன. விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் 375 மீட்டர் பிக்சலில் 30 சதுர மீட்டர் தீ இருந்தாலே அந்தப் பிக்சலின் பிரகாசம் இரட்டிக்கும். இன்சாட் படக்கருவியின் 4 கிலோமீட்டர் பிக்சலில் அதே விளைவுக்கு 3,500 சதுர மீட்டர் எரிய வேண்டும். முக்கால் ஏக்கருக்கு மேல். வெளிச்சம் அதிகமானாலும் தொல்லை. சாதாரணத் தரைக்குத் தோதாகச் செய்த உணரி பெருந்தீயைக் கண்டால் நிரம்பிவிடும். மோடிஸ் என்ற இன்னொரு செயற்கைக்கோள் கருவியில் இதற்காகவே 3.96 மைக்ரான் என்ற ஒரே அலைநீளத்துக்கு இரண்டு சேனல் வைத்தார்கள். ஒன்று நுட்பமானது, 331 கெல்வினோடு நிறைந்துவிடும். மற்றது மந்தமானது, 500 கெல்வின் வரை தாங்கும்.

ஆனால் விர்ஸைச் சுமக்கும் துருவக் கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டியும் வந்து போகின்றன. தரைமீது வினாடிக்கு 6.6 கிலோமீட்டர் வேகம். தேனியிலிருந்து கம்பம் வரை ஆறு வினாடி. அடுத்த கடப்புக்குள் காய்ந்த போதைப்புல்லில் தீ மலையேறிவிடும். இன்சாட் கோள்கள் இரண்டு மாறிமாறிப் பார்த்தால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கும், மழுங்கலாக. கூர்மையாகவும் ஓயாமலும் பார்க்கும் கருவி ஏன் இல்லை? ஒளியின் இயல்பு விடாது. 10.8 மைக்ரானில் தரையில் 57 மீட்டரைப் பிரித்துப் பார்க்க 761 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 18 சென்டிமீட்டர் ஆடி போதும். புவிநிலைச் சுற்றுப்பாதையிலிருந்து அதையே செய்ய எட்டு மீட்டருக்கு மேல் ஆடி வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடியே 6.5 மீட்டர்தான். நடுவழி ஒன்றை இஸ்ரோ முயன்றது. ஒன்றரைக் கிலோமீட்டர் வெப்பப் பிக்சலோடு நிலையாக நின்று பார்க்க வேண்டிய இ.ஓ.எஸ்.-03, 2021 ஆகஸ்ட் 12 அன்று கிரையோஜெனிக் நிலை இயங்காமல் போனதால் சுற்றுப்பாதையை அடையவே இல்லை.

அந்த 57 மீட்டரும் 761 கிலோமீட்டரும் நான் கற்பனையாக எடுத்த எண்கள் அல்ல. இஸ்ரோவும் பிரான்சின் க்னெஸ் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிவரும் த்ரிஷ்ணா என்ற கோளின் எண்கள் அவை. வெப்ப அகச்சிவப்பில் 8.6 முதல் 11.5 மைக்ரான் வரை நான்கு சேனல் கொண்ட கருவியை பிரான்ஸ் செய்கிறது. கட்புல, குறுகிய அகச்சிவப்புக் கருவியை இந்தியா செய்கிறது. அது தேடுவது வாயுவை அல்ல, பயிரின் வெப்பநிலையை. நீர் போதுமான இலை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்துக்கொள்ளும். நீர் குறைந்த இலை இலைத்துளைகளை மூடிக்கொண்டு சில பாகை சூடேறும். 57 மீட்டர்ப் பிக்சல் என்பது 0.8 ஏக்கர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தல்கள் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் ஏக்கர் கணக்கில்தான் இருக்கின்றன. ஒரு தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய வெப்பக்கண்ணாக இது இருக்கும்.

இங்கேயும் கழித்தல் உண்டு. பருவக்காற்றுக் காலத்து ஈரம் சாளரத்தை அழுக்காக்கும். 10.3 மைக்ரானைவிட 11.5 மைக்ரானில் நீராவி அதிகம் உறிஞ்சுவதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே நீராவியின் பங்கைக் கண்டு கழித்துவிடலாம். கழித்த பிறகு மிஞ்சும் பிழை ஒரு பாகை அளவில் இருக்கும். தேடும் வித்தியாசம் சில பாகை. மீத்தேனில் தேடும் பொருள் பிழையில் பத்தில் ஒன்று. இங்கே பிழையைவிடத் தேடும் பொருள் பெரிது. என் தீர்ப்பு இந்த விகிதத்தில்தான் நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல் மீத்தேனை விண்ணிலிருந்து அறிய வேண்டுமென்றால் மீத்தேனைத் தேடக் கூடாது. தண்ணீரைத் தேட வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், அதாவது வயலைப் பலமுறை காயவிட்டுப் பாய்ச்சினால், மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது அதே ஐ.பி.சி.சி. கணக்கில் இருக்கிறது. இதற்குக் கார்பன் வரவு என்று பணம் தரும் பேச்சும் அடிபடுகிறது. அப்படியானால் வயல் உண்மையில் காய்ந்ததா என்று யாராவது பார்க்க வேண்டும். வெப்பநிலை அதில் பாதியைச் சொல்லும். மேக நாள்களில், 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் ரேடார் மீதியைச் சொல்லலாம். அதற்கு மேகம் ஒரு பொருட்டல்ல. ஒரு கிலோ மீத்தேனுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்ற விகிதத்தை மட்டும் வயலிலேயே, பயிரின் மேல் மூடிப் பெட்டி கவிழ்த்துக் காற்றைச் சேகரிக்கும் பழைய முறையில், பள்ளத்தாக்கின் சில இடங்களில் இரு போகமும் அளந்துவிட வேண்டும். இது பளபளப்பான வேலை அல்ல. கோள் ஏவும் நாளில் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது.

இன்னொரு வேலையும் தரையில்தான் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் கரும்பொருள் ஆண்டுகள் போகப் போக மங்கலாம். வெளியே ஒரு சாட்சி வேண்டும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999-இலிருந்து மிதவைகளில் வெப்பமானிகளைக் கட்டி வைத்து, வெப்ப அகச்சிவப்புக் கோள்களை ஜெட் புரபல்ஷன் ஆய்வகம் சரிபார்த்து வருகிறது. நீரின் உமிழ்திறன் நன்றாகத் தெரிந்தது, மேற்பரப்பு சீரானது என்பதால் ஏரி பொருத்தமான சாட்சி. த்ரிஷ்ணாவுக்கு அப்படியொரு மிதவையை வைகை அணையில் போடலாம். 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அந்த அணையின் கொள்ளளவு வண்டல் படிந்து கொஞ்சம் குறைந்திருந்தாலும், கோடையில் கரை விலகி விலகிப் போனாலும், அணையின் நடுவே 57 மீட்டர்ப் பிக்சல்கள் பல முழுக்க நீராகவே இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஓடிவரும் நீரும் சேர்ந்ததுதான் அது. காற்றும் ஈரமும் அதே வட்டாரத்தினுடையவை. நீராவியைக் கழிக்கும் சூத்திரம் இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்பதை டாஹோ சொல்லாது. ஆண்டிபட்டிப் பக்கத்து நீர் சொல்லும்.